பாரிஸ் தட்டும் கொலோன் நாடாவும்

எலக்ட்ரிக் கிட்டாரை மின்னணுக் கருவிகளோடு சேர்ப்பவர்கள் உண்டு. அதில் அதிர்வது கம்பிதான். மின்சாரம் அந்த அதிர்வை எடுத்துப் பெருக்கிக் கொடுக்கிறது, அவ்வளவே. மின்னணு இசை எது என்ற சண்டையில், ஒலி எங்கே பிறக்கிறது என்று கேட்டாலே பாதி தீர்ந்துவிடும். மீதிச் சண்டையை 1950களில் பாரிஸிலும் ஜெர்மனியின் கொலோனிலும் இருந்த இரண்டு வானொலி நிலையங்கள் போட்டன.

பாரிஸில் பியர் ஷேஃபர், வானொலிப் பொறியாளர். 1948இல் பாத்திஞோல் ரயில் நிலையத்தில் இன்ஜின் சத்தங்களைப் பதிந்து, அவற்றைக் கொண்டே ஓர் இசைத்துண்டு செய்தார். ஒலிநாடா அவர் கைக்கு இன்னும் வரவில்லை, எல்லாம் இசைத்தட்டில்தான். தட்டில் ஒரு சுற்றுப் பள்ளத்தை வட்டமாக மூடிவிட்டால் ஊசி அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டு சுற்றும், அதே சத்தம் திரும்பத் திரும்ப வரும். இன்று ‘லூப்’ என்கிறோமே, அதற்கு மூத்தது இது.

கொலோன்காரர்கள் மடி ஆசாரம் பார்த்தவர்கள். மைக் வழியாக வந்த சத்தம் அவர்களுக்கு ஆகாது; மின்சுற்றில் பிறந்ததே மின்னணு இசை. இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் அங்கே கையாண்டது சைன் அலை: ஒரு சுரத்தோடு கூடவே ஒலிக்கும் உபஸ்வரம் எதுவும் ஒட்டாத ஒற்றை அதிர்வு. அளவீட்டுக்கு வைத்திருந்த, இந்த அலையை உண்டாக்கும் ஜெனரேட்டர்தான் வாத்தியம். சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரை, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் தூரத்தை, நாம் 12 ஸ்தானங்களாக வைத்துக்கொள்கிறோம். அவரோ 1954இல் செய்த ஒரு படைப்பில், அதிர்வெண் ஐந்து மடங்காகும் தூரத்தை 25 சமப் படிகளாக வெட்டினார். பியானோவிலோ ஹார்மோனியத்திலோ அந்தச் சுரங்கள் கிடையாது. நாடாவைத் துண்டுதுண்டாக நறுக்கி ஒட்டித்தான் அந்த மூன்று நிமிடம் உருவானது.

இலக்கணம் என்று பார்த்தால் கொலோன் சொன்னதில் குழப்பமே இல்லை. காதுக்கு மட்டும் எனக்குப் பாரிஸ்தான். கொலோனிலேயே ஆசாரம் நீண்ட நாள் நிற்கவில்லை: 1956இல் அதே ஸ்டாக்ஹவுசன் ஒரு சிறுவனின் குரலைப் பதிந்து சைன் ஒலிகளோடு கலந்துவிட்டார்.

நம் வீட்டுப் பூஜையறைப் பக்கமும் இந்தச் சண்டை உண்டு. பழைய எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி கொலோன் வழி. உள்ளே இருக்கும் சர்க்யூட்டே சுருதியை உண்டாக்குகிறது. நிஜத் தம்புராவைப் பதிந்து ஒலிக்கவிடும் செல்போன் செயலி பாரிஸ் வழி. பாட உட்கார்ந்தால் செயலியைத்தான் போடுவேன். மின்னணு வாத்தியம் எது என்று கேட்டால் பெட்டியைத்தான் காட்டுவேன்.