காதுக்குள் போடும் இயர்போன்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஒயர் இயர்போன் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எதில் சவுண்டு நல்லா இருக்கும்?" என்பதுதான். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கு முன்னால் அது உங்கள் காதில் ஒழுங்காக உட்காருமா என்று பார்க்க வேண்டும். டிப்புக்கும் (இயர்போன் முனையில் மாட்டும் மெத்தென்ற உறை) காதுத் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலே போதும், பேஸ் என்கிற அடித்தொனி மொத்தமும் போய்விடும், மிஞ்சுவது மெலிந்த குரலும் சிம்பலின் இரைச்சலும்தான். ஒரே மாடலை ஒருவர் "பேஸே இல்லை" என்று திட்டுவார், இன்னொருவர் "பேஸ் பிரமாதம்" என்பார், இருவர் சொல்வதும் அவரவர் காதுக்கு உண்மைதான்.

இதைச் சோதிப்பது சுலபம். ஒரு கையால் காதின் மேல்பகுதியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு இயர்போனை உள்ளே விடுங்கள், பேஸ் கிட்டார் தெளிவாகக் கேட்கும் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது பேஸ் சட்டென்று கூடினால் டிப் சரியில்லை என்று அர்த்தம், அடுத்த சைஸுக்குப் போக வேண்டும். இடது காதுக்கு மீடியம், வலது காதுக்கு ஸ்மால் என்று வந்தால் பதற வேண்டாம், பலருக்கும் இரண்டு காதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இதைச் செய்யாமல் எந்த இயர்போனையும் நல்லது கெட்டது என்று சொல்லக்கூடாது என்பது என் கட்சி.

இன்னொன்று, ஒப்பிடும்போது இரண்டிலும் சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும். கொஞ்சம் சத்தமாகக் கேட்பது நம் காதுக்கு எப்போதுமே "தெளிவாக" இருப்பதுபோலத் தோன்றும். போனின் வால்யூமைத் தொடாமல் இரண்டை மாற்றி மாற்றிக் கேட்டால் அநேகமாக அதிக சென்சிடிவிட்டி உள்ளதுதான், அதாவது அதே வால்யூமில் அதிகச் சத்தம் தருவதுதான் ஜெயிக்கும், அதில் தரத்துக்கு வேலையே இல்லை.

சரி, மாடல்களுக்கு வருவோம். விலை குறைந்தவற்றில் நான் தயங்காமல் கைகாட்டுவது 7ஹெர்ட்ஸ் ஜீரோ 2. கிரினாகிள் என்ற பெயரில் இயங்கும் விமர்சகருடன் சேர்ந்து 2023இல் கொண்டுவந்தார்கள், உள்ளே ஒரே ஒரு 10 மி.மீ. டைனமிக் டிரைவர், அதாவது ஒலியை எழுப்பும் குட்டி ஸ்பீக்கர். பேஸ் போதுமான அளவு இருக்கிறது, அதே நேரம் குரலின் மேல் ஏறி உட்காருவதில்லை. பெண் குரல்கள் உச்சத்துக்குப் போகும் இடங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், விலை குறைந்த பல இயர்போன்களில் அந்த இடத்தில் ‘ஸ’வும் ‘ஷ’வும் சீறும், இதில் சீறவில்லை. கேபிளும் கழற்றி மாட்டக்கூடியது. இந்த விலையில் இதற்கு மேல் கேட்பது பேராசை. மூன்டிராப் சூ 2 கிட்டத்தட்ட இதே வரிசைதான், உலோக உடல், கொஞ்சம் கூர்மையான ட்ரெபிள் (உச்சத் தொனி), வயலின் அதிகம் கேட்பவர்களுக்குப் பிடிக்கும்.

ட்ரூத்இயர் ஜீரோ ரெட்டைப் பற்றித்தான் நிறைய சொல்ல வேண்டும். 10 மி.மீ., 7.8 மி.மீ. என்று இரண்டு டைனமிக் டிரைவர்கள், பெரியது அடி பேஸை மட்டும் பார்த்துக்கொள்கிறது, மற்றதெல்லாம் சின்னதின் பொறுப்பு. இதன் பலன் டிரம்மும் பேஸ் கிட்டாரும் ஒன்றாக வரும் இடங்களில் தெரிகிறது. இரண்டும் கலந்து ஒரே உறுமலாகிவிடாமல், டிரம்மின் அடி ஒரு பக்கம், கிட்டார் தந்தியின் அதிர்வு அது அடங்கும் வரை இன்னொரு பக்கம் என்று தனித்தனியாகப் பின்தொடர முடிகிறது. குரல் நடுவில் தெளிவாக நிற்கிறது. பெட்டியில் 10 ஓம் அடாப்டர் ஒன்று வருகிறது, அதைச் சேர்த்தால் பேஸ் இன்னும் கூடும். எனக்கு அடாப்டர் இல்லாமலேயே பிடித்திருக்கிறது. ஒலியை மட்டும் வைத்து மார்க் போட்டால் இந்த ஆறில் இதுதான் முதல். ஆனால் நாசில், அதாவது டிப் மாட்டும் குழாய், தடிமனானது. காதுத் துளை சிறியதாக உள்ளவர்கள் போட்டுப் பார்க்காமல் வாங்கவே கூடாது, முடியாவிட்டால் திருப்பிக் கொடுக்க வழியிருக்கும் இடத்தில் வாங்குங்கள்.

சௌகரியம்தான் முக்கியம் என்றால் சென்ஹைசர் ஐஇ 200. ஒரு பக்கத்துக்கு 4 கிராம்தான், தலையணையில் ஒருக்களித்துப் படுத்தாலும் உறுத்தாத அளவுக்குச் சின்னது. 7 மி.மீ. டிரைவர், டிப்பை இரண்டு நிலைகளில் மாட்டலாம், அதைப் பொறுத்து பேஸின் அளவு மாறும். நிதானமான, அலுக்காத ஒலி. ஆனால் வெளிவந்தபோதைய விலைப்படி இது ஜீரோ 2ஐப் போல ஐந்தாறு மடங்கு, ஒலி ஐந்தாறு மடங்கு நன்றாக இருக்கிறதா என்றால் நிச்சயமாக இல்லை. கூடுதல் காசு அந்த 4 கிராமுக்குத்தான், நாள் முழுக்க காதில் வைத்திருப்பவர்களுக்கு அது வீண்செலவும் இல்லை.

ஷூர் எஸ்இ215 பழைய ஆள், 2011 முதல் விற்பனையில் இருக்கிறது. உடம்பு காதுமடலுக்குள் பதிந்து உட்காரும், கேபிள் காதுக்கு மேலாகச் சுற்றிப் போகும். அதனால் நடக்கும்போது கேபிள் சட்டையில் உரசும் "கர கர" சத்தம் வெகுவாகக் குறைகிறது. ஒலியில் ட்ரெபிள் மங்கல், குரல் கொஞ்சம் போர்வைக்குள் இருந்து வருவதுபோல. இன்றைக்குப் பாட்டுக்காக மட்டும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன், மேடையில் வாசிப்பவர்களுக்குச் சொல்வேன்.

எட்டிமோட்டிக் இஆர்2எக்ஸ்ஆர் தனி ரகம். 1991இல் இஆர்4ஐக் கொண்டுவந்து, காதின் ஆழத்துக்குப் போகும் இந்த வகையைப் பிரபலமாக்கிய கம்பெனி. மூன்றடுக்கு ரப்பர் டிப், அதை ஈரப்படுத்தி மெதுவாகத் திருகி உள்ளே விட வேண்டும், முதலில் எல்லோருக்குமே அசௌகரியமாகத்தான் இருக்கும். சிலருக்குக் கடைசிவரை பழகாது. பழகியவர்களுக்குக் கிடைப்பது வேறெங்கும் கிடைக்காத அமைதி: 35 முதல் 42 டெசிபல் வரை வெளிச்சத்தம் குறையும் என்று கம்பெனி சொல்கிறது, எந்த பேட்டரியும் இல்லாமல். கூட்டமான இடத்தில்கூட, வீணை வாசிப்பில் விரல் தந்தியில் வழுக்கும் மெல்லிய ஓசை கேட்கிறது. ஆனால் இதைப் போட்டுக்கொண்டு சாப்பிடவோ வேகமாக நடக்கவோ முடியாது, மெல்லும் சத்தமும் காலடிச் சத்தமும் தலைக்குள் இடிக்கும். ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு மட்டும்தான் இது.

கேபிள் விஷயத்தில் ஒரு வார்த்தை. கேபிள் கழற்ற முடியாத இயர்போனை நான் இனி யாருக்கும் சொல்வதில்லை. பிளக் ஓரத்திலோ காதோரத்திலோ உள்ளே கம்பி அறுந்தால், நல்ல டிரைவர் இருந்தும் மொத்தமும் குப்பைக்குத்தான் போகும். மேலே சொன்ன எல்லாவற்றிலும் கழற்றலாம். ஆனால் கேபிள் மாட்டும் முனை ஒன்றல்ல: சூ 2, ஜீரோ 2, ஜீரோ ரெட் மூன்றிலும் இரண்டு ஊசி கொண்ட 0.78 மி.மீ. டூ பின், மற்ற மூன்றிலும் எம்எம்சிஎக்ஸ் என்ற வட்டமான முனை. எம்எம்சிஎக்ஸிலும் சென்ஹைசரின் துளை உள்வாங்கி இருப்பதால் எல்லாக் கேபிளும் பொருந்தாது, பார்த்து வாங்குங்கள்.

போனில் ஜாக் இல்லையென்றால் சார்ஜ் துளையில் செருகும் சாதாரண டாங்கிள் போதும், இவற்றில் எதற்குமே ஒலியைப் பெருக்கும் பெரிய ஆம்ப் தேவையில்லை. கையில் காசு மீந்தால் அதைக் கனமான கேபிளில் போடாமல் நல்ல சிலிகான் டிப், ஃபோம் டிப் என்று இரண்டு மூன்று வகை வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஃபோம் நன்றாக அடைக்கும், ட்ரெபிளைச் சற்றுக் குறைக்கும், நாளாக நாளாகத் தளர்ந்துபோகும். சிலிகான் கழுவினால் புதுசாகிவிடும். வெளிச்சத்தம் நன்றாக அடைபட்டால் வால்யூமைக் கூட்ட வேண்டிய அவசியமே வராது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான எல்லை, இரைச்சலான இடத்தில் சரியாகப் பொருந்தாத டிப்போடு கேட்பவர்கள் அதை எளிதில் தாண்டிவிடுவார்கள்.