எபிதீலிய ஸ்லைடு பெட்டி: இருபதில் பதினெட்டு தேறும்

முதலாமாண்டு நர்சிங் மாணவிகளுக்கு உடலமைப்பியல் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். திசுக்களில் எபிதீலியம்தான், அதாவது உடலின் மேற்பரப்பையும் உள்ளுறுப்புகளின் உள்பரப்பையும் போர்த்தியிருக்கும் திசுதான், முதல் பாடம். பழைய மைக்ராஸ்கோப் ஸ்லைடுகள் சாயம் வெளுத்து ஒன்றுக்கும் உதவாமல் போனதால், எபிதீலியம் மட்டும் இருபது ஸ்லைடுகள் உள்ள இந்தப் பெட்டியை வரவழைத்தேன். இரண்டு மாதமாக வகுப்பில் புழங்குகிறது. பள்ளம் வெட்டிய மரப்பெட்டி, ஒரு கண்ணாடிகூட உடையாமல் வந்தது. பேக்கிங் பற்றி அவ்வளவு போதும்.

முதலில் தோல் ஸ்லைடைப் போடுங்கள். வெட்டு சுத்தம், சாயமும் அளவு. உட்கருக்கள் ஊதா, மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு. மேலே செத்துப்போன கெரட்டின் தகடுகள், கீழே இறங்க இறங்க உயிருள்ள செல்கள், கடைசியில் அலை அலையாக ஓர் எல்லை. இரத்தக் குழாய்கள் எல்லாம் அந்த எல்லைக்குக் கீழேதான். மேலே ஒன்றுகூட இல்லை. எபிதீலியத்துக்குச் சொந்தமாக இரத்த ஓட்டம் கிடையாது, கீழே உள்ள இணைப்புத் திசுவிலிருந்து கசிந்து வருவதை வைத்துத்தான் பிழைக்கிறது என்று பத்து வருடமாகச் சொல்லி வருகிறேன். இந்த ஸ்லைடைப் பார்த்த ஒரு மாணவி, "அதனாலதான் மேலாகச் சிராய்ச்சா ரத்தம் வர்றதில்லையா மேம்?" என்றாள். அப்புறம் நான் விளக்க என்ன இருக்கிறது?

மூச்சுக்குழாய் ஸ்லைடும் அருமை. 40x-இல் குறுயிழைகள் கண் இமை மயிர் மாதிரி வரிசையாகத் தெரிகின்றன. சளியில் ஒட்டிய தூசியைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடுவது இவைதான். உட்கருக்கள் மேலும் கீழுமாக இருப்பதால் பல அடுக்கு என்று தோன்றும். ஆனால் எல்லாச் செல்லுக்கும் கால், எபிதீலியத்தின் அடியில் உள்ள மெல்லிய படலமான அடித்தளச் சவ்வில்தான், தலை மட்டும்தான் எல்லாருக்கும் மேற்பரப்பை எட்டாது. பொய்யடுக்கு என்ற பெயர் அப்படி வந்தது.

சிறுகுடல் ஸ்லைடில் வெள்ளை ஓட்டைகள் தெரிந்தால் பயப்படாதீர்கள். அவை கோப்பை வடிவச் செல்கள். சளி இந்தச் சாயத்தை ஏற்காததால் காலியாகத் தெரிகிறது. பிஏஎஸ் சாயம் ஏற்றியிருந்தால் சளி கருஞ்சிவப்பில் பளிச்சென்று தெரிந்திருக்கும். எபிதீலியத்துக்கென்றே போட்ட பெட்டியில் அப்படி ஒரு ஸ்லைடு வைக்காதது குறைதான். நுரையீரல் காற்றறைகள் வெறும் வலை போலத்தான் தெரியும். அதற்கு விற்பவரைக் குறை சொல்ல முடியாது. அந்தச் செல்களின் தட்டைப் பகுதி ஒரு மைக்ரானுக்கும் மெல்லியது. புடைத்த உட்கருதான் கண்ணில் படும்.

பதினோராவது ஸ்லைடைப் பற்றி இதே பெட்டியை வாங்கிய ஒருவர் தன் விமர்சனத்தில், "ஒற்றை அடுக்கு என்று போட்டு மூன்று நான்கு அடுக்கு காட்டுகிறது, ஏமாற்று" என்று எழுதியிருந்தார். எனக்கோ பெட்டியிலேயே பிடித்தது அதுதான். அது சாய்வாக வெட்டிய தூண் எபிதீலியம். நெருக்கி நிறுத்திய மெழுகுவத்திகளைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு வரிசை, குறுக்கே சீவினால் வட்ட வட்டமாகப் பல வரிசை. புத்தகப் படத்தில் திசு எப்போதும் நேராகத்தான் நிற்கும், ஸ்லைடில் அப்படி நிற்காது. இதைக் கற்றுக்கொள்ளாமல் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தால் பார்ப்பதெல்லாம் பல அடுக்காகத்தான் தோன்றும்.

உண்மையான கோளாறு பதினான்கிலும் பதினைந்திலும். பதினான்கில் "உணவுக்குழாய், அடுக்குத் தட்டை எபிதீலியம்" என்று லேபிள். உள்ளே பார்த்தால் மேல் வரிசைச் செல்கள் குடை மாதிரி உப்பி நிற்கின்றன, சிலவற்றில் இரண்டு உட்கரு. இது சிறுநீர்ப்பை! பை நிரம்பும்போது தட்டையாகி, காலியானதும் மறுபடி உப்பிக்கொள்ளும் டிரான்சிஷனல் வகை. பதினைந்தைப் போட்டால் அங்கே உணவுக்குழாய் உட்கார்ந்திருக்கிறது. சாப்பாடு உரச உரச மேலடுக்கு உதிர்ந்து, கீழிருந்து புதுசு வருகிற திசு அது. லேபிள்கள் இடம் மாறிவிட்டன. விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன். "பெட்டிக்குள் உள்ள பட்டியலைப் பார்க்கவும்" என்று பதில் வந்தது. பட்டியலிலும் அதே தப்பு.

ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் தாராளமாக வாங்கலாம், நான்கு நட்சத்திரம். தனியாகப் படிப்பவர் என்றால் பதினான்கையும் பதினைந்தையும் முதலில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். வெறும் ஆர்வத்துக்குப் பார்ப்பவருக்குப் பெட்டியே வேண்டாம். கன்னத்தின் உள்பக்கத்தைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, கண்ணாடியில் தடவி, ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டால் உங்கள் சொந்தத் தட்டை எபிதீலியமே தெரியும்.

நான் அந்த இரண்டு லேபிள்களையும் இன்னும் மாற்றவில்லை. போன வாரம் மாதிரித் தேர்வில் பதினான்கை அப்படியே ஸ்பாட்டராக, அதாவது பார்த்து என்னவென்று எழுத வேண்டிய ஸ்லைடாக, வைத்தேன். பதினொரு பேர் லேபிளைப் பார்த்து எழுதியிருந்தார்கள்.