ரூ.47,500 போச்சு! கயாக்கை ‘செட்’ பண்ணித் தருகிறேன் என்பவர்களிடம் உஷார்

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, கோபத்தில்தான் எழுதுகிறேன். ரூ.47,500. பெடல் கயாக் என்கிற சின்னப் படகில் போய்த் தூண்டில் போட ஆசைப்படும் டெல்டாக்காரர்கள் யாராவது இருந்தால் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை, விஷயம் கேஸுக்குப் போகிறது. பெரிய ஊரில் நீர் விளையாட்டுச் சாமான் விற்கும் கடை, ரீல்ஸ் போட்டே ஆள் பிடிக்கிறவர்கள் என்ற அளவுக்கு இப்போதைக்குப் போதும்.

கயாக் என்னுடையதுதான், கையில் துடுப்புப் போடாமல் காலால் மிதித்தே போகலாம். கை இரண்டும் தூண்டிலுக்கு. கொள்ளிட முகத்துவாரத்தில், பழையாறு பக்கம், ஓதம் வற்றும்போது கொடுவா பிடிக்க இதைவிடத் தோதான வண்டி கிடையாது. ஆனால் வாங்கும்போது வெறும் கூடுதான். தூண்டில் செருகும் குழாய் நான்கு, இரண்டு பக்கமும் சாமான் மாட்டும் அலுமினியத் தண்டவாளம், மீன் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர், அதற்கு 12 வோல்ட் லித்தியம் பேட்டரி, நங்கூரக் கயிறு ஓடும் கப்பி, எல்லாம் மாட்டித் தர மொத்தம் ரூ.47,500 என்றார்கள்.

கடைக்காரர் பேசிய விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பெயரைக் கேட்பதற்கு முன் ஊரைக் கேட்டார். கும்பகோணம் என்றதும், “அட, நம்ம வீட்டுக்காரம்மா திருத்துறைப்பூண்டிண்ணே, நான் உங்க ஊர்ப் பக்கத்து மாப்பிள்ளை” என்றார். டீ வந்தது. அப்புறம் என்னைக் கயாக்கில் உட்கார வைத்து, தூண்டில் வீசுகிற மாதிரி கையை வீசச் சொல்லி, என் முழங்கை எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து மார்க்கரால் புள்ளி வைத்தார். “இந்த இடத்துல குழாய் வெச்சா உங்க கை இடிக்கும்ணே” என்று ஒரு புள்ளியைத் தானே அழித்து நான்கு விரற்கடை பின்னால் தள்ளி வைத்தார். கடைசியாக ஒரு போல்ட்டை எடுத்துக் காந்தத்தை அதன்மேல் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. “316 ஸ்டெயின்லெஸ், உப்புத் தண்ணிக்குன்னே செஞ்சது. எல்லாம் இதுதான் போடுவோம்.” இவ்வளவு பார்த்துச் செய்கிற ஆளை யார்தான் சந்தேகப்படுவார்கள்? அங்கேயே ரூ.30,000 ஜிபேயில் போட்டேன். மீதி ரூ.17,500 வேலை முடிந்து லாரியில் ஏற்றும்போது. பில் கேட்டதற்கு ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச்சீட்டைக் கொடுத்து, ஜிஎஸ்டி பில் மெயிலில் வரும் என்றார்கள். இன்று வரை வரவில்லை.

கயாக் வந்து இறங்கியபோது பார்க்க ஜோராக இருந்தது. போகப் போகப் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்தது. சாமான் கனம் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் முகத்துவாரத்தில் ஓதம் வற்ற ஆரம்பித்த நேரம், ஆறு கடலைப் பார்த்து இழுக்கிறது, நான் மிதிக்க மிதிக்க கயாக் நகரவே இல்லை. உடம்பைச் சாய்த்தால் உள்ளே களக் களக்கென்று தண்ணீர்ச் சத்தம். அந்தப் பக்கம் வந்த ஃபைபர் படகு அண்ணன் ஒருவர் கயிறு வீசி இழுத்துக் கரை சேர்த்தார். அவருக்குக் கோடி புண்ணியம். நான்கு பேர் பிடித்தும் கயாக்கைத் தூக்க முடியவில்லை.

கயாக்கின் உள்ளே பார்க்க மேலே வைத்திருக்கும் ஹேட்ச் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் வயிறு எரிந்தது. உள்பக்கம் தகடும் இல்லை, நட்டும் இல்லை. மரத்தில் அடிக்கிற ஸ்குருவை அப்படியே பிளாஸ்டிக்கில் முறுக்கி, சுற்றிலும் சிலிக்கான் பசை. ஸ்குரு நுனியெல்லாம் ஆணிப்படுக்கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்க, ஃபிஷ் ஃபைண்டர் வயர் அதில் உரசி உரசித் தோல் உரிந்து கிடந்தது. படகு அண்ணன் நகத்தால் பசையின் ஓரத்தை நெம்பினார். மொத்தமும் ஒரே தோலாக உரிந்து கையோடு வந்தது. “தம்பி, இதுல நம்ம ஃபைபர் ரெசினே பிடிக்காது, இந்தப் பசை எங்கேருந்து பிடிக்கும்?” என்றார். மாடித் தண்ணீர்த் தொட்டி செய்கிற அதே பாலிஎத்திலீன்தான் இந்தக் கயாக்கும், பசை எதுவும் அதில் சரியாக ஒட்டாது. படகே ஓட்டுகிறவருக்குத் தெரிந்தது, கயாக் விற்பவருக்குத் தெரியாதாம்.

வீட்டுக்கு வந்து ஸ்குருவில் காந்தத்தை வைத்தேன். சப்பென்று ஒட்டியது. தலையெல்லாம் துரு. லித்தியம் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிக்குள் சின்ன யூபிஎஸ்ஸில் போடும் ஈய பேட்டரி.

போன் போட்டால் முதலில் “வீடியோ அனுப்புங்கண்ணே.” அனுப்பினேன். அப்புறம் “டெக்னீஷியன் லீவு.” அப்புறம் ஒரு பெண் எடுத்து, ஓனர் வெளியூர் என்றார், பின்னால் ஓனரின் குரல் கேட்கிறது! அடுத்து, “நீங்க பாறையில மோதியிருப்பீங்க சார்.” அண்ணன் போய் சார் ஆகிவிட்டேன். பழையாற்று முகத்துவாரத்தில் பாறை எங்கே ஐயா இருக்கிறது? சேறும் மணலும்தான். அதைச் சொன்னதும், உப்புத் தண்ணீரில் இறக்கினால் வாரண்டி கிடையாது என்று புதுச் சட்டம். உப்புத் தண்ணீருக்கென்றே போல்ட் காட்டிய அதே வாய்! உங்கள் செலவில் கயாக்கை அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். ரூ.47,500 வாங்கியவர்களுக்கு நான் இன்னும் லாரி வாடகை வேறு கொடுக்க வேண்டுமாம். முடியாது என்றேன், பிளாக்.

என்ன சாமான் வாங்கலாம், எப்படி மாட்டலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஓட்டை போடுவதற்கு முன் எந்த ஸ்குரு, உள்ளே தகடு உண்டா, கை போகாத இடத்தில், வெளியிலிருந்து முறுக்கினாலே உள்ளே உப்பிப் பிடித்துக்கொள்ளும் ரப்பர் வெல் நட் உண்டா என்று வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். காந்தம் ஒட்டாததால் மட்டும் 316 ஆகிவிடாது, உப்புத் தண்ணீரை அந்த அளவுக்குத் தாங்காத 304 ரக ஸ்டெயின்லெஸ்ஸும் பெரும்பாலும் ஒட்டாது. லேசாக இழுத்தால் அதை வைத்து முடிவு கட்டாதீர்கள், சப்பென்று பலமாக ஒட்டினால் தூக்கி வீசுங்கள். டெலிவரி எடுக்கும்போது ஹேட்ச்சைத் திறந்து உள்ளே பாருங்கள், பேட்டரிப் பெட்டியையும் திறக்கச் சொல்லுங்கள். பில் இல்லாமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். லைஃப் ஜாக்கெட் போடாமல் முகத்துவாரம் பக்கமே போகாதீர்கள், அன்றைக்கு நான் போட்டிருந்தேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். 2019 நுகர்வோர் சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் இருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கோர்ட் ஃபீஸ் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் நோட்டீஸ் திங்கட்கிழமை தபாலில் போகிறது. இதே கடையில் மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள்.