பதினோரு பங்காளிகள், மாதம் ஒரு காணொளிக் கூட்டம்: ஐந்து வருட அனுபவம்

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில், எங்கள் ஐயாவின் (தாத்தாவின்) அப்பச்சி, அதாவது அப்பா, கட்டிய வீட்டுக்கு இன்றைக்கு 11 பங்கு. சென்னையில் நாலு, சிங்கப்பூரில் இரண்டு, கோவை, மதுரை, பினாங்கு, நியூஜெர்சியில் ஒவ்வொன்று, காரைக்குடியில் நான். சாவி என்னிடம் இருக்கிறது. ஓடு உடைந்தாலும் கிணற்று மோட்டார் நின்றாலும் முதலில் எனக்குத்தான் தெரியும். ஆனால் நான் மட்டும் முடிவெடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. முன்பெல்லாம் படைப்புக்கோ (முன்னோருக்குச் செய்யும் வழிபாடு) கல்யாணத்துக்கோ எல்லாரும் ஊருக்கு வரும்போது வளவில் (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) உட்கார்ந்து பேசி முடிப்போம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் அது நின்றுபோனது. அந்த ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காணொளியில் கூடுகிறோம். அறுபது கூட்டங்களுக்கு மேல் நடத்திவிட்டேன். என்னைப்போல குடும்பத்துக்கோ சங்கத்துக்கோ கோயில் கமிட்டிக்கோ இந்த வேலையைச் செய்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எந்தச் செயலி என்ற கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். முதலில் வாட்ஸப்பில் முயன்றோம். அப்போது ஒரு அழைப்பில் 8 பேருக்கு மேல் சேர முடியாது, மூன்று பங்கு வெளியே நின்றது. (இப்போது 32 பேர் வரை சேரலாம்.) அப்புறம் ஜூம். இலவசத் திட்டத்தில் 40 நிமிடம் ஆனதும் கூட்டம் தானாக முடிந்துவிடும். கூகுள் மீட்டில் இலவசமாக 60 நிமிடம் கிடைக்கும், அதிலும் ஆறு மாதம் நடத்தினோம். கடைசியில் பெரியவர்களுக்குக் கை பழகிய ஜூமுக்கே திரும்பி, கட்டணத் திட்டத்துக்கு மாறி, செலவை 11 பங்காகப் பிரித்துக்கொண்டோம். மாதாமாதம் ஒரே லிங்க்தான். அதை மாற்றவே மாற்றாதீர்கள். புது லிங்க் அனுப்பிய மாதமெல்லாம் இரண்டு பேர் பழைய லிங்க்கில் போய்க் காத்திருந்திருக்கிறார்கள். காத்திருப்பு அறை வசதியை மட்டும் போட்டுவிடுங்கள், முகம் தெரிந்தவரைத்தான் உள்ளே விட வேண்டும். நேரக் கட்டுப்பாடு இப்போது இல்லையென்றாலும் 50 நிமிடத்தைத் தாண்ட நான் விடுவதில்லை. அந்த 40 நிமிடக் கெடு எங்களுக்கு நல்ல பழக்கத்தைத்தான் கொடுத்தது.

நான் அதிகம் பாடுபட்டது சத்தத்தோடுதான். முதல் நாலைந்து கூட்டங்களை ஆசையாக வளவில் வைத்து நடத்தினேன். பின்னால் தூண்களும் முற்றமும் தெரிய வேண்டும், தூரத்தில் இருப்பவர்கள் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். படம் அழகாகத்தான் இருந்தது. பேச்சு ஒன்றும் புரியவில்லை. கீழே ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடி ஊரில் செய்யும் சிமென்ட் தரைக்கல்), சுவரில் கண்ணாடி மாதிரி வழவழப்பான முட்டைச் சுண்ணாம்புப் பூச்சு, மேலே உயரமான கூரை. பேசுகிற ஒவ்வொரு சொல்லும் நாலு பக்கமும் முட்டித் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் விழுந்தது. "கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு அண்ணே" என்றான் சிங்கப்பூர் தம்பி.

முகப்பை ஒட்டி இருக்கும் கணக்கறைக்கு மாறினேன். சின்ன அறை. தரையில் ஜமுக்காளத்தை விரித்து, எதிர்ச் சுவரில் ஒரு கனமான போர்வையைத் தொங்கவிட்டேன். எதிரொலி அன்றோடு போனது. அறையில் நாலு பேர் உட்கார்ந்து பேசும் நாட்களுக்காக, மேசை நடுவில் வைக்கிற மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்த கருவி ஒன்று வாங்கினோம். இத்தனை வருடத்தில் செய்த செலவுகளில் உருப்படியானது அதுதான். பேசுபவர் மைக்கிலிருந்து தள்ளிப் போகப் போக, எவ்வளவு விலை உயர்ந்த லேப்டாப்பிலும் குரல் தெளிவு குறையும். அதே மாதிரி, ஒரே அறையில் இரண்டு போன்களில் இரண்டு பேர் சேர்ந்தால் ஒன்றின் ஸ்பீக்கர் சத்தம் இன்னொன்றின் மைக்கில் புகுந்து 'கீ' என்று அலறும். சென்னை அண்ணனும் அண்ணமிண்டியும் (அண்ணன் மனைவி) இப்படித்தான் ஆறு மாதம் எல்லாருடைய காதையும் பதம் பார்த்தார்கள். ஒரு போனில் ஸ்பீக்கரையும் மைக்கையும் நிறுத்தியதும் சரியாகிவிட்டது.

வைஃபை இன்னொரு பாடு. எங்கள் வீட்டுச் சுவர் இரண்டடி கனம். முகப்பில் இருக்கும் ரவுட்டரின் சிக்னல் பக்கத்துக் கணக்கறைக்கு வருவதற்குள் செத்துவிடும். வேகமாக இருக்கும் என்று 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், இன்னும் மோசமானது. அந்த அலைவரிசைக்கு வேகம் உண்டு, கனமான சுவரைத் தாண்டும் திராணி கிடையாது. கடைசியில் ரவுட்டரிலிருந்து கணக்கறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்தோம். கூடவே ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ். ஐப்பசி மழையில் கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் கூட்டம் ஓடும். இணைப்பு மந்தமான நாட்களில் எல்லாரும் படத்தை நிறுத்திவிடுவோம். குரலுக்கு ஜூம் கேட்பது நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட்தான். படத்துக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். முகம் தெரியாவிட்டாலும் கூட்டம் நடக்கும், குரல் அறுந்தால் நடக்காது.

நேரம் பற்றி ஒரு கசப்பான அனுபவம். எங்கள் கூட்டம் இந்திய நேரம் மாலை 6:30. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இரவு 9. நியூஜெர்சியில் கோடையில் காலை 9, குளிர்காலத்தில் காலை 8. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். எங்கள் கூட்டமோ முதல் ஞாயிறு. 2021 நவம்பர் 7 அன்று நியூஜெர்சி தம்பி வழக்கம்போல அவனது காலை 9 மணிக்கு வந்தான். எங்களுக்கு அப்போது 7:30. புது மோட்டார் வாங்குவது என்று முடிவாகி, பாதிப்பேர் விடைபெற்றுப் போயிருந்தார்கள். "என்னைக் கேக்காமயே முடிச்சுட்டீங்களா?" என்று அவன் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அதிலிருந்து அழைப்பைக் காலண்டரில் அனுப்புகிறேன், அது அந்தந்த ஊர் நேரத்துக்குத் தானாக மாறிக்கொள்ளும். கூட்டத்துக்கு முந்தின புதன்கிழமை குழுவில் போடும் செய்தியிலும் ஒவ்வொரு ஊர் மணியையும் தனித்தனியே எழுதிவிடுகிறேன்.

அந்தப் புதன்கிழமைச் செய்திதான் கூட்டத்தின் பாதி வேலை. பேச வேண்டியது மூன்று விஷயத்துக்கு மேல் போகாது. ஒவ்வொன்றுக்கும் எதிரே "தெரிவிக்க" என்றோ "முடிவு செய்ய" என்றோ ஒரு சொல் எழுதுவேன். கொத்தனார் கொடுத்த எஸ்டிமேட் போட்டோவும் அதிலேயே இருக்கும். ஆரம்பத்தில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நேரலையில் வீடு முழுக்க நடந்து ஒழுகும் இடத்தைக் காட்டினேன். பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். ஒருமுறை நான் காட்டிய விரிசலைப் பார்த்துவிட்டு, சுவரே விழப்போகிறது என்று மதுரை அண்ணன் பதறிவிட்டார். உண்மையில் அது ஒரு விரல் நீளம்கூட இல்லை. இப்போது விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் பகல் வெளிச்சத்தில் மூன்று போட்டோ எடுக்கிறேன். தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, அதே இடத்தின் மேற்கூரை ஒன்று. கூட்டத்துக்கு வரும்போது எல்லாரும் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதனால் விளக்கம் சொல்லியே நேரம் போவதில்லை.

பெரியாத்தா (பெரியம்மா) விஷயத்தை எழுதாமல் இந்த அனுபவம் முழுமையாகாது. பினாங்கில் இருக்கிறார்கள், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பெரியப்பச்சி காலமான பிறகு அந்தப் பங்கு அவர்களுடையது. பேத்தி போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். பெரியாத்தா மியூட்டில் இருந்தபடியே கடைசிவரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கூட்டத்தில் இரண்டாம் கட்டில் (வளவுக்கு அடுத்த பகுதி) கல் பெயர்ந்து கிடப்பதைப் பேசினோம். மொத்தத்தையும் பெயர்த்துவிட்டு வழவழப்பான டைல்ஸ் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் ஆமோதித்தார்கள். "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டேன். பதில் இல்லை. முடிவு என்று எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலை பெரியாத்தாவிடமிருந்து போன். "ஏப்பா, நான் வேண்டாம், வேண்டாம்னு சொல்லிக்கிட்டே இருந்தேனே, ஒருத்தரும் காதுல வாங்கலியே."

மியூட் எடுக்கத் தெரியாமல் பேசியிருக்கிறார்கள். சின்னக் கட்டத்தில் அவர்கள் உதடு அசைந்ததை நானும் கவனிக்கவில்லை. நேரில் கூடும்போது மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். திரையில் அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது என்று அன்றைக்குப் புரிந்தது. அந்த முடிவை ரத்து செய்து அடுத்த மாதம் மறுபடி எடுத்தோம். பெரியாத்தா பத்து நிமிடம் பேசினார்கள். உடைந்த கல்லை மட்டும் எண்ணி, அதே அச்சில் ஆத்தங்குடியில் சொல்லிச் செய்யலாம் என்றார்கள். கண்ணாடித் தகட்டில் அச்சு வைத்து வண்ணச் சிமென்ட் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையே கிடையாது, அதனால் கொஞ்சம் கல் வேண்டுமென்றாலும் செய்து தருவார்கள் என்று விளக்கினார்கள். எண்ணிப் பார்த்தால் உடைந்தவை 46 கல்தான். பக்கத்திலேயே இருக்கிற எனக்கு அது தோன்றவில்லை.

அதிலிருந்து பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டேன். வயது வரிசையில் பதினோரு பேரையும் முறை சொல்லி அழைத்து, ஒவ்வொருவராகக் கேட்பேன். முதலில் பெரியாத்தா. அவர்கள் பக்கத்து மியூட்டை எடுக்கச் சொல்லி நானே இங்கிருந்து கேட்பு அனுப்புவேன், வருகிற பொத்தானை அழுத்தினால் போதும். ஒருவருக்கு இரண்டு நிமிடம், நடுவில் யாரும் புகக் கூடாது. மணி பார்ப்பது சிங்கப்பூர் தம்பியின் மகள். நடத்துபவரே மணியும் பார்த்து, குறிப்பும் எழுதி, உள்ளே விடுவதையும் செய்தால் எதிலும் மனம் நிற்காது. குறிப்பெழுதுவது கோவை அண்ணனின் வேலை. யார் என்ன பேசினார் என்று எழுதுவதில்லை. என்ன முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எவ்வளவு ரூபாய் என்று நாலு கட்டம். திங்கட்கிழமைக்குள் குழுவில் வந்துவிடும். கணக்குப் பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய குடும்பம், அதனால் இது மட்டும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

திரையில் கட்டம் கட்டமாக எல்லாரும் தெரியும்போது, ஐயா சொன்ன கிட்டங்கிதான் (கடல் கடந்து போன செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய இடம்) எனக்கு நினைவுக்கு வரும். ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி போட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்களாம்.

குறை இல்லாமல் இல்லை. சண்டை சச்சரவான விஷயத்தை நான் இதில் எடுப்பதே இல்லை. பணப் பாக்கி, மனக்கசப்பு எல்லாம் தனித்தனி போன்தான், முடிந்தால் நேரில். பதிவு செய்வதையும் நிறுத்திவிட்டோம். சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் பாதிப்பேர் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். எங்கள் இணைய நிறுவனம் இரண்டு தடவை கூட்டத்தன்றே நாள் முழுக்கக் காலை வாரிவிட்டது. இப்போது போன் ஹாட்ஸ்பாட்டை அரை மணி முன்னதாகவே போட்டுப் பார்த்துத் தயாராக வைத்துவிடுகிறேன்.

வருகிற ஞாயிறு ஒரே ஒரு விஷயம்தான், மேற்குப் பக்கத்து நாட்டு ஓடு மாற்றுவது. போட்டோ எடுத்தாகிவிட்டது. பெரியாத்தா நேற்றே பேத்தியிடம் சொல்லி, பழைய ஓட்டைக் கழற்றும்போது கீழே போட்டு உடைக்காமல் அடுக்கி வைக்க வேண்டும் என்று எனக்குச் செய்தி அனுப்பிவிட்டார்கள்.