இளநிலை இயற்பியல் செய்முறைப் பாடம்: ஒரு மதிப்பீடு

நான் முடித்த ஓராண்டுச் செய்முறைப் பாடத்தில் மிகச் சிறந்தது தனி ஊசல் சோதனைதான். ஒரு மீட்டர் நீள ஊசலின் அலைவுக் காலம், அதாவது ஒருமுறை சென்று திரும்ப அது எடுக்கும் நேரம், ஏறத்தாழ 2 விநாடி. நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் கை 0.2 விநாடி பிந்தினால், ஓர் அலைவை மட்டும் அளக்கும்போது பிழை 10 சதவீதமாகிறது, 20 அலைவுகளைச் சேர்த்து அளந்தாலோ 0.5 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது என்பதை எந்த விரிவுரையும் எனக்கு இவ்வளவு தெளிவாக உணர்த்தியதில்லை. கருவிகளும் நன்றாகவே இருந்தன. ஆனால், இந்த அளவீட்டிலிருந்து கணக்கிடும் ஈர்ப்பு முடுக்கம் (தடையின்றி விழும் பொருளின் வேகம் கூடும் வீதம்) 9.8 மீ/வி² என வராவிட்டால் மதிப்பெண் குறையும் என்ற முறை, அளவீடுகளைத் திருத்தி எழுதவே மாணவரைத் தூண்டுகிறது. இது என்னை மிகவும் வருத்தியது. அளந்ததை அளந்தபடியே பதிவேட்டில் எழுதி, எதிர்பாராத விடை ஏன் வந்தது என்று ஆராய்வதுதான் ஆய்வகம் தர வேண்டிய முதன்மைத் திறன் என்பதால், சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மாணவரே ஒரு சோதனையை வடிவமைக்க நேரம் ஒதுக்கினால் இப்பாடத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.