ஒரே தாளில் அடக்குவதா, நாமே பக்கம் பிரிப்பதா?

தண்டையார்பேட்டை மாலை எக்செல் வகுப்பில், அச்சடிக்கும்போது பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்வது ‘ஃபிட் ஷீட் ஆன் ஒன் பேஜ்’: முழு ஷீட்டையும் ஒரே தாளில் சுருக்கிவிடும் வசதி. ஒரே கிளிக், வேலை முடிந்தது. 20 வரி ரசீதுக்குச் சரி. காசிமேடு மீன் கணக்கு 200 வரி என்றால்? ஏ4 தாளில் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

பக்கங்கள் எங்கே பிரிகின்றன என்று காட்டும் ‘பேஜ் பிரேக் பிரிவ்யூ’ கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆனால் அதில் தெரியும் நீலக் கோடுகளை மவுசால் இழுத்து, பக்கம் எங்கே முடிய வேண்டும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யலாம். கூடவே ‘பிரிண்ட் டைட்டில்ஸ்’ பெட்டியில் $1:$1 (அதாவது முதல் வரி) கொடுத்தால் தலைப்பு வரி ஒவ்வொரு தாளிலும் வரும். அதை மறந்து, மூன்றாம் தாளில் எது கிலோ, எது ரூபாய் என்று நானே முழித்திருக்கிறேன்.

என் ஓட்டு இரண்டாவதற்கே. இரண்டையும் கலக்காதீர்கள்: ஒரே தாளில் அடக்கச் சொன்னால், கையால் போட்ட பிரேக்கை எக்செல் கண்டுகொள்ளாது.