சாம்பிள் 316, வந்த லோடு 304: 2,33,168 ரூபாய் போச்சு

இன்று மதியம் 340 வால்வு ஸ்டெம்மும் (வால்வைத் திறந்து மூடும் தண்டு) ரிஜெக்ட் என்று சிவப்பு டேக் கட்டித் திரும்பி வந்து இறங்கின. அளவில் பிசகு இல்லை, ஃபினிஷில் குறை இல்லை, ராடே வேறு. 316 என்ற உயர்ந்த ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் காசு கொடுத்து வாங்கியது, விலை குறைந்த 304 ரகம். போன பணம் 2,33,168 ரூபாய், அதுவும் ராடு காசு மட்டும்தான். கூலி, கரண்ட், இன்சர்ட் (மெஷினில் வெட்டும் முனை) எல்லாம் தனிக்கணக்கு. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் நானே "சரி விடு" என்று கிடப்பில் போட்டுவிடுவேன்.

கோவையில் ஆறு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். வழக்கமாக மெட்டீரியலை கஸ்டமரே இறக்கிவிடுவார், நாங்கள் ஓட்டிக் கொடுப்போம். இந்த முறை ராடும் நம் பொறுப்பு என்று ஆர்டர் வந்தது. 25 மி.மீ. ரவுண்ட், 316. திருப்பூர்ப் பக்கம் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்ஓ பிளாண்டுக்குப் போகிற வால்வு. அந்தத் தண்ணீரில் இருக்கிற உப்புக்கு 304 தாங்காது, புள்ளி புள்ளியாகக் குழி விழும். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதுதான் வித்தியாசம், கிலோவுக்குக் கூடுதலாக நாம் கொடுக்கிற காசும் முக்கால்வாசி அதற்கும் நிக்கலுக்கும்தான். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றே. காந்தம் இரண்டிலும் ஒட்டாது.

வாங்குகிறவரையும் விற்கிறவரையும் சேர்த்துவைக்கும் ஒரு ஆன்லைன் தளம், பெயர் வேண்டாம். கேட்டு வைத்த பத்தாவது நிமிடம் போன் வந்தது. வடக்கே இருக்கிற ஸ்டாக்கிஸ்ட், ஆனால் பேசினவன் நல்ல கொங்குத் தமிழ். "எங்கம்மா ஊரு பல்லடம்ங்கண்ணா, உங்களுக்குப் போய் தப்பான சரக்கு குடுப்பனுங்களா." அந்த இடத்தில்தான் நான் பாதி விழுந்தேன். மீதிப் பாதி அவன் அடுத்துச் சொன்னதில். "நம்பாதீங்கண்ணா, ஒரு துண்டு கூரியர்ல அனுப்பறேன், உங்க லேப்லயே ஸ்பெக்ட்ரோ பாத்துக்குங்க."

ஸ்பெக்ட்ரோ என்றால் எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் லேப் டெஸ்ட். ஏமாற்றுகிறவன் தானாகவே டெஸ்ட் பண்ணச் சொல்வானா? அப்படித்தான் நினைத்தேன். இரண்டு அங்குலத் துண்டு வந்தது, லேபில் எழுநூறு ரூபாய் கொடுத்துப் பார்த்தேன், மாலிப்டினம் 2.04, நிக்கல் 10.1. சுத்தமான 316. அன்று மாலையே 26 ராடுக்கு, 608 கிலோவுக்கு, கிலோ 325 மேனிக்கு, 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 2,33,168 ரூபாயை முழுசாக அனுப்பிவிட்டேன்.

லோடு வந்தது ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், சாயங்காலம் ஆறரை மணி. என்ன செக் செய்தேன் தெரியுமா? மைக்ரோமீட்டர் வைத்து நாலு ராடு விட்டம் பார்த்தேன். எடை போட்டேன். காந்தம் வைத்தேன் (எதற்கு வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை, கை பழக்கம்). ராடோடு வந்த ஆலையின் டெஸ்ட் சர்டிபிகேட்டை ஃபைலில் போட்டேன். ஒரு ராடில் இருந்து ஒரு துண்டு வெட்டி மறுபடி லேபுக்கு அனுப்பவில்லை. அதுதான் சாம்பிளிலேயே பார்த்தாகிவிட்டதே, பூஜைக்குள் டெலிவரி கொடுக்க வேண்டுமே, இன்னொரு எழுநூறு ரூபாய் எதற்கு என்று விட்டுவிட்டேன். சாம்பிள் அவன் பொறுக்கி அனுப்பிய துண்டு, லோடு வேறு அடுக்கில் இருந்து வந்தது. பதினெட்டு வருடம் தொழிலில் இருக்கிறவனுக்கு இது உறைக்கவில்லை.

இதில் இன்னொரு கூத்து. பாதி வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கள் ஸ்கிராப் அண்ணன் கட்டிங் துண்டுகளை எடுக்க வந்தார். ஒரு துண்டைத் தேய்த்து, பையில் இருந்த சின்ன பாட்டிலில் இருந்து ஒரு சொட்டு விட்டு, பேட்டரி ஒயரைத் தொட்டுப் பார்த்தார். மாலிப்டினம் இருந்தால் சொட்டு நிறம் மாறும். மாறவில்லை. "இது 304ங்க தம்பி, 316 ரேட் வராதுங்க" என்றார். நான் என்ன செய்தேன்? ரேட்டைக் குறைக்கப் பார்க்கிறார் என்று நினைத்து அவரைச் சத்தம் போட்டு அனுப்பினேன். லேப் ரிப்போர்ட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். பழைய இரும்பு எடுக்க வருகிறவரின் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் என்னுடையதைவிட ஒழுங்காக இருந்திருக்கிறது.

பூஜை முடிந்து சரக்கு போனது. கஸ்டமர் கேட்டில் பிஎம்ஐ கன் வைத்திருக்கிறார்கள், துப்பாக்கி மாதிரி இருக்கும், பீசில் வைத்து அழுத்தினால் எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று சில விநாடியில் காட்டும். மாலிப்டினம் 0.2, நிக்கல் 8.1. அஞ்சு பீஸ் பார்த்தார்கள், அஞ்சும் அதே. ஒரு துண்டை எங்கள் லேபிலும் பார்த்தேன், அங்கேயும் 304.

அப்புறம்தான் அந்த டெஸ்ட் சர்டிபிகேட்டை உட்கார்ந்து படித்தேன். அதில் இருந்த ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்த ஸ்டீல் என்று ஆலை போடும் எண்) ராடில் பஞ்ச் ஆகியிருக்கவில்லை, முனையில் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தான், முதல் கட்டிங்கிலேயே ஸ்டிக்கர் குப்பைக்குப் போய்விட்டது. சர்டிபிகேட்டில் பெயர் இருந்த ஆலைக்கு மெயில் போட்டுக் கேட்டேன். ஹீட் நம்பர் எங்களுடையதுதான், ஆனால் அந்த ஹீட்டில் நாங்கள் ஓட்டியது ரவுண்ட் இல்லை, தகடு என்று பதில் வந்தது. எவனுக்கோ போன தகட்டின் சர்டிபிகேட்டில் சைஸை மட்டும் மாற்றித் தட்டியிருக்கிறான். பெரிதாக்கிப் பார்த்தால் "25" மட்டும் வேறு எழுத்துருவில் இருக்கிறது.

போன் போட்டேன். முதல் நாள் "செக் பண்றனுங்கண்ணா". இரண்டாம் நாள் "உங்க லேப் சரியில்லைங்கண்ணா". சாம்பிளுக்கு அதே லேப்தானடா பார்த்தது! மூன்றாம் நாள் "வெட்டிட்டீங்களே, வெட்டின சரக்கு ரிட்டர்ன் இல்லைங்க, பில்லுக்குப் பின்னாடி படிங்க". நாலாம் நாளில் இருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு டிக். பல்லடத்து அம்மா என்ன ஆனார் என்று தெரியவில்லை.

தளத்தில் புகார் கொடுத்தால், நாங்கள் அறிமுகம் செய்துவைப்பவர்கள் மட்டுமே, பணப் பரிமாற்றம் உங்கள் இருவருக்கும் இடையிலானது என்று பதில். அப்புறம் அவன் பெயர் பக்கத்தில் பச்சை டிக் போட்டு "சரிபார்க்கப்பட்டவர்" என்று எதற்குக் காட்டினீர்கள் என்றால், அது ஜிஎஸ்டி நம்பரும் விலாசமும் சரிபார்த்ததற்காம். ஏழாம் நாள் புகாரை மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு மெசேஜ். ஸ்டேஷனில் இது வியாபாரத் தகராறு என்றார்கள். பில்லில் போட்ட 35,568 ரூபாய் ஜிஎஸ்டியாவது நான் கட்ட வேண்டிய வரியில் கிரெடிட்டாகக் கழியுமா என்று பார்த்தால், விற்றவர்கள் காட்டிய பில்கள் வரும் 2பி அறிக்கையில் அந்த பில்லே ஏறவில்லை.

தெரிந்த வக்கீல் ஒருவர் 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தைச் சொன்னார். 17-ஆம் பிரிவுப்படி சாம்பிள் காட்டி விற்றால் லோடும் அந்தத் தரத்தில் இருக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்து 42-ஐச் சொன்னார்: நியாயமான நேரத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டாலோ, சொந்தச் சரக்கு மாதிரி வெட்டிப் புழங்கிவிட்டாலோ ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. ஆகவே சரக்கைத் திருப்பித் தள்ள முடியாது, நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கு போடலாம். வெட்டாத 15 ராடையும் தொடாதே, அதுதான் சாட்சி என்றார். ஆக 2,33,168 ரூபாயில் பாதிக்கு மேல் இரும்பாக மூலையில் கிடக்கிறது, விற்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது.

விவரமாக ஒரு செக்லிஸ்ட் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது தெம்பில்லை. அவசரத்துக்கு இது. சாம்பிள் ரிப்போர்ட்டை நம்பி லோடை உள்ளே விடாதீர்கள், வண்டியில் இருந்து இறங்கிய ராடில் நீங்களே எடுத்து, நீங்களே வெட்டி அனுப்புங்கள், ரிப்போர்ட் வரும்வரை மெஷினில் ஏற்றாதீர்கள். ஸ்கிராப் அண்ணன் வைத்திருந்த மாதிரி மாலிப்டினம் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வையுங்கள். கார்பன் குறைந்த வகையான 316எல் கேட்டிருந்தால் எக்ஸ்ரே வகை கன்னை நம்பாதீர்கள், அது கார்பனைக் காட்டாது, ஸ்பெக்ட்ரோதான். ஹீட் நம்பர் ஸ்டிக்கரைக் கிழிக்கும் முன் போட்டோ. முழுப் பணம் முன்கூட்டி வேண்டவே வேண்டாம்.

நாளைக்கு மாற்று ராடு வருகிறது, உள்ளூர்க் கடையில் கிலோவுக்கு 22 ரூபாய் கூடக் கொடுத்து. ஸ்கிராப் அண்ணனுக்குப் போன் செய்து காலையில் அந்த பாட்டிலோடு வரச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.